பால் தூக்கைக் குடித்த லாரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் மச்சான், வண்டி மூவரும் சுகம். அங்கு நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், உன் பட்டறை எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முறைக்கு எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது. இனி உண்மையை எழுதுகிறேன். மூவரில் ஒருவர்கூட இங்கே சுகமில்லை, அதற்குக் காரணம் நீ.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். "அக்கா, நான் சொல்றதக் கேளு, அக்கா, நான் சொல்றதக் கேளு" என்று சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. நடுவில் மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். லாரி வாசலில் நிற்கிறது. பல் டாக்டர் வீட்டில் நடந்த கூத்துக்குப் பிறகு உன் மச்சான் அதைக் கிளப்பவே இல்லை. காலையில் எழுந்து துணியை எடுத்துக்கொண்டு போய் துடைக்கிறார், உள்ளே ஏறி உட்காருகிறார், இறங்கி வந்து சாப்பிடுகிறார். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் இடம் மாறுகிறது. பெஞ்சு, பீரோ, கரும்பலகை என்று நான்கு நடைக்குக் குறையாது. நம்மை நம்பித்தான் சொல்லியிருக்கிறார்கள். "வண்டி வருமாம்மா?" என்று அந்த தலைமையாசிரியை தினமும் கேட்கிறார். வரும் வரும் என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வராவிட்டால் அந்த வேலை வேறு லாரிக்குப் போகும், அதன் பின்னால் மற்ற வேலைகளும் போகும். கேட்டால் "எங்க அண்ணன் கோடவுன்ல வாட்ச்மேன் வேலை இருக்கு, நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடுதான் இருக்கிறார். இவரைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தால் இவர் என்ன ஆவார், இவரைப் பார்த்துக்கொண்டு நான் என்ன ஆவேன்?

உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். அவ்வளவு கோபம் உன் மேல். கல்யாணத்துக்கு முன்னாலேயே தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நீங்கள். உன்னைப் பார்க்க வந்துதானே என்னைப் பார்த்தார்! இப்போது என்னடாவென்றால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் நீ லீவுக்கு வந்ததில் ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாரத்தோடு ஏறும்போது ஒரு சைக்கிள்காரன் நம்மைத் தாண்டிப் போனான். போனதோடு விடாமல் திரும்பிப் பார்த்து மணி அடித்தான். அதை உன் மச்சான் தாங்கிக்கொண்டார், உன்னால்தான் தாங்க முடியவில்லை. உன் பட்டறையில் எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த அந்த சூப்பர்சார்ஜரை வரவழைத்து, பெல்ட் மாட்டி, குழாய் மாட்டி, "இனிமே பாருங்க மச்சான், இது காத்தப் பிடிச்சு இன்ஜினுக்குள்ள திணிக்கும், மேடெல்லாம் சமதரை ஆயிடும்" என்றாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று சொன்னேனா இல்லையா? அன்று முதல் அதற்கு நான் வைத்த பெயர் ஊதி. மேடு ஏறியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வேகமும் பிடிக்கவில்லை, அது போடுகிற விசில் சத்தமும் பிடிக்கவில்லை.

நீ ஊருக்குப் போன மறுநாளே மாடியம்மா கூப்பிட்டார். மாடியம்மா என்றால் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், மாடியில் இருக்கிறவர், வாசலில் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டவர். அந்த டைல்ஸைப் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். துடைப்பத்தோடு மாடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி, "உங்க லாரி என் வாசல்ல ஒண்ணுக்குப் போயிருக்கு!" என்றார். போய்ப் பார்த்தால் வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து கிடக்கிறது. என்ஜின் பக்கத்திலிருந்து கீழே தொங்குமே ஒரு ரப்பர் குழாய், அதிலிருந்து வருகிறது. புகையும் வருகிறது, எண்ணெயும் வருகிறது.

உனக்குப் போன் போட்டார். நீ சொன்னதை எல்லாம் ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். பிஸ்டனைச் சுற்றி வளையம் இருக்கிறதாம், அது தேய்ந்து போனால் மேலே வெடிக்கிற காற்று சந்து வழியாகக் கீழே இறங்கி, எண்ணெய் இருக்கிற அடி அறைக்குள் புகுந்துவிடுமாம். ஊதி வந்து மேலே காற்றை அமுக்கினால் கீழேயும் அதிகமாகத்தான் இறங்குமாம். அந்த அறைக்குள் சேர்கிற காற்று வெளியே போகத்தான் அந்தக் குழாயாம், அது என்ஜினுக்கு மூச்சுக்குழாயாம். போகிற காற்று சும்மா போகாமல் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு போகிறதாம். எனக்கே புரிந்தது. அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "ரிங் தேஞ்சிருக்கு மச்சான், இன்ஜினை இறக்கியாகணும்" என்றாய். இவருக்குச் சுருக்கென்றது. "நீ இந்த ஊதியக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு சொட்டு வெளிய வந்ததில்ல" என்றார். நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா? "வெளிய வர்றதுக்கு அதுக்கு உசுரு இருந்தாத்தானே" என்றாய். ஏன்டா, தன்னைச் சொன்னால்கூட பொறுத்துக்கொள்கிற மனிதரிடம் வண்டியைச் சொல்லலாமா? அன்றைக்கு வைத்ததுதான் போனை. அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவில்லை.

இரு, வாசலில் கதவுச் சத்தம் கேட்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு சாவியை எடுத்துவிட்டார். உன் மேல் உள்ள கோபத்தை எல்லாம் அந்த சாவி மேல் காட்டுகிறார், வேறென்ன?

எங்கே விட்டேன்? ஆங், மூச்சுக்குழாய். உன்னோடு சண்டை போட்ட கையோடு, ஒரு மரக்கட்டையைச் சீவி, துணியைச் சுற்றி, அந்தக் குழாயின் வாயில் வைத்து அடித்து அடைத்துவிட்டார். "இப்ப எப்படி சொட்டும்னு பாக்கறேன்" என்றார். சொட்டவில்லைதான். மாடியம்மாவும் மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். நாங்கள் ஒரு வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் பாதி ஏறியிருப்போம், பானெட்டுக்குள் டங் என்று ஒரு சத்தம். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி எகிறிப் போய் பானெட்டில் முட்டியிருக்கிறது, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் பீறிட்டு முன்கண்ணாடி முழுக்க அப்பிவிட்டது. வைப்பரைப் போட்டார். இருந்த கொஞ்சநஞ்சம் வெளிச்சமும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஓட்டி ஓரங்கட்டினார்.

அதற்குப் பிறகாவது கட்டையை எடுத்தாரா? இல்லை. அந்த அளவுக் கம்பியைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினார். அடுத்த நாள் எண்ணெய் ஊற்றுகிற மூடி வழியாகக் கசிந்தது. மூடிக்குக் கீழே ரப்பரை வெட்டி வைத்து இறுக்கினார். அதற்கடுத்த நாள் என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற சீல் வழியாக எண்ணெய் இறங்கி கிளட்சை நனைத்துவிட்டது. வண்டி நகர்வதற்குப் பதில் நாற்றம்தான் நகர்ந்தது. ஒரு ஓட்டையை அடைத்தால் அது இன்னொரு ஓட்டையைத் தேடிக்கொண்டே போகிறது. "ஏங்க, அது உள்ள முட்டிக்கிட்டு நிக்குதுங்க, வெளிய விடுங்க" என்று நான் கத்தின பிறகுதான் கட்டையைப் பிடுங்கினார். பிடுங்கும்போது அது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது பார், அந்த மாதிரி நானும் ஒரு பெருமூச்சு விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அப்போதுதான் நான் உனக்குத் திருட்டுத்தனமாகப் போன் செய்தேன். நீ சொன்னாய், நடுவில் ஒரு டப்பா வை, குழாயை அதற்குள் விடு, டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணி, எண்ணெய் நாரில் பட்டு அடியில் தங்கிவிடும், காற்று மட்டும் மறுபக்கம் போகும் என்று. அதை நான் அவரிடம் அடுத்த தெரு மெக்கானிக் சொன்னதாகச் சொன்னேன். "அவன் தொழில் தெரிஞ்சவன்" என்று உன் யோசனைக்கு அந்த மெக்கானிக்குக்கு ஒரு பாராட்டு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கத் தூக்கைத் தேடுகிறேன், காணோம். பூனைக்குப் போட்ட தட்டைக்கூட எடுத்துப் பார்த்துவிட்டேன். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் கம்பி நார் ஒன்றுகூட இல்லை, பிரிக்காத பாக்கெட்டையும் காணோம். வாசலுக்குப் போய்ப் பார்த்தால் என் பால் தூக்கு பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது! கிளிப் போட்டு மூடுகிற மூடி, காற்றுப் புகாது, துரு பிடிக்காது என்று அவரே அதன் பெருமையை என்னிடம் சொல்கிறார், ஏதோ அவர் வாங்கிக் கொடுத்த மாதிரி. இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் குழாயைப் பற்றவைத்துவிட்டார். "கடையில ஒரு டப்பா கிடைக்கலையா உங்களுக்கு?" என்றேன். "இது மாதிரி கிடைக்காது" என்றார். கோபம் வந்தாலும், சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

நிஜத்தைச் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. வாசலில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாள் ஓடிய பிறகு தூக்கைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கே வந்து, "பாரு, எவ்வளவு பிடிச்சிருக்கு!" என்று காட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சேறு. ஐயே என்று முகத்தைச் சுளித்தேன், ஆனாலும் கை சும்மா இருக்குமா? வாங்கி, கொட்டி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாத்திரத்தைக் கண்டால் கழுவுகிற புத்தி. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவர் கணக்கில் அது என் வேலை. "பாத்திரம் கழுவறது அவதானே" என்று அவர் இருந்துவிட்டார். என் கணக்கில் அது வண்டிச் சாமான். பானெட்டுக்குள் இருக்கிற பாத்திரத்தை எவளாவது போய்க் கழுவுவாளா? தினமும் காலி செய்ய வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மற்றவர் செய்கிறார் என்று இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தோம். எங்கள் வீட்டில் நடக்கிற கதையே இதுதான்.

இதற்கு நடுவில் மாடியம்மா மறுபடியும் கூப்பிட்டார். சொட்டவில்லை, சரி, ஆனால் தூக்கிலிருந்து வெளியே போகிற காற்று நேராக அவர் ஜன்னலுக்குப் போகிறதாம். "என் ஜன்னலுக்கு வெளிய ரோடு போடறாங்களா?" என்று கேட்டார். உன் மச்சான் பார்த்தார். அந்தக் குழாயை வெளியே விடாமல், வளைத்துக் கொண்டுபோய், ஊதி காற்றை இழுக்கிற வாயிலேயே சொருகிவிட்டார். "அது விட்ட மூச்ச அதுவே குடிக்கட்டும்" என்றார். நாற்றம் போயே போய்விட்டது. மாடியம்மா முதல் தடவையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

இனி பல் டாக்டர் வீடு. அவர் சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பல் பிடுங்குகிற நாற்காலியை நடுவில் நிறுத்திக் கட்டியிருந்தோம். டாக்டரின் மனைவி மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். உன் மச்சான் வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டுவதற்காக லேசாக ஆக்சிலேட்டரை மிதித்தார். ஊதி விசில் அடித்தது. அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது! வழிய வழிய நிறைந்திருந்த தூக்கிலிருந்து எண்ணெயை எல்லாம் அந்த ஊதி ஒரே உறிஞ்சாக உறிஞ்சி என்ஜினுக்குள் தள்ளிவிட்டது. காலை எடுத்துவிட்டார், கியரையும் எடுத்துவிட்டார், என்ஜின் சத்தம் குறையவில்லை, ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. நிறுத்துகிற கம்பியை இழுத்தார், டீசல் நின்றது, வண்டி நிற்கவில்லை. டீசல் யாருக்கு வேண்டும், அதுதான் எண்ணெயையே குடித்துக்கொண்டிருக்கிறதே! சாவியை உருவிக்கொண்டு கீழே குதித்து, "சாவி இங்க இருக்கு! சாவி என் கையில இருக்கு!" என்று வண்டியைப் பார்த்துக் கத்துகிறார், ஏதோ அது சாவியைப் பார்த்தால் அடங்கிவிடும் என்பது போல.

புகையில் தெருவே தெரியவில்லை. மீன் தொட்டியோடு அந்த அம்மா எப்படி இறங்கினார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. டாக்டர் மட்டும் பழக்க தோஷத்தில், "பயப்படாதீங்க, ரிலாக்ஸ், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷத்தில் வெடித்து முடிந்துவிடும் என்றுதான் எனக்குக் கேட்டது. உன் மச்சான் பானெட்டைத் திறந்து காற்று வடிகட்டியைப் பிய்த்து எறிந்தார். ஊதியின் வாய் ஆவென்று திறந்துகொண்டு கத்துகிறது. "மூடணும்! காத்த நிறுத்தணும்! எதாவது குடு!" என்றார். டாக்டர் ஒரு போர்வையை நீட்டினார். போர்வையைக் கொடுத்தால் அது போர்வையையும் சாப்பிட்டுவிட்டு டாக்டரையும் கேட்கும். அந்த வீட்டுச் சமையலறைச் சாமானைக் கட்டியவள் நான்தானே, எந்தப் பெட்டியில் மேலே என்ன வைத்தேன் என்று எனக்குத் தெரியாதா? காய் நறுக்குகிற பலகையை உருவிக்கொண்டு ஓடி, பம்பர் மேல் ஏறி, அந்த வாயில் ஒரே அடியாக அறைந்தேன். அது பலகையைக் கப்பென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. என்ஜின் ஆடியது, இருமியது, இன்னும் ஒரு தடவை இருமியது, செத்துப்போனது.

எனக்கு ஒரு துளி பயம் இல்லை. நிதானமாக இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, டாக்டரிடம் பலகையைத் திருப்பிக் கொடுத்தேன். தெருவில் யாரோ கை தட்டினார்கள்கூட. உன் மச்சான் என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த சாவியை மட்டும் விடவே இல்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் சாவியை இப்படி நெரிப்பார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "எல்லாம் அவனால வந்தது" என்று நான் உன்னைத் திட்டினேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு என்ன அர்த்தம்? ஆமாம் என்றுதானே அர்த்தம்.

வேறு வண்டி பிடித்து டாக்டர் சாமானை அனுப்பினோம். நம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அடுத்த தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்ஜினுக்கு ஒண்ணும் ஆகலம்மா, உங்க நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊதி வாயிலிருந்து அந்தக் குழாயையும் பிடுங்கிவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஓட்ட வேண்டியவர்தான் ஓட்டமாட்டேன் என்கிறார். "கெளப்புங்க" என்றால் "பாக்கலாம்" என்கிறார். "பள்ளிக்கூடத்துக்காரங்க கேக்கறாங்க" என்றால் "பாக்கலாம்" என்கிறார். "தம்பியக் கூப்பிடட்டுமா?" என்றால் எழுந்து போகிறார். நேற்று மாடியம்மாவே இறங்கி வந்து, "லாரி சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, கெளப்பச் சொல்லுங்க, சொட்டினா சொட்டட்டும்" என்றார். டைல்ஸைவிட எங்கள் மேல் அவருக்குப் பாசம் வந்துவிட்டது என்றால் எங்கள் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

தம்பி, எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் ஜன்னலுக்குப் போகிறேன். சமைத்ததை அவர் முன்னால் வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு மனிதர் கத்தினால் சமாளிக்கலாம். இவர் கத்துவதே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம் கிடைத்தவுடன் பட்டறைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு உடனே கிளம்பி வா. வந்து முதல் காரியமாக அந்த ஊதியைக் கழற்று. கழற்றி உன்னோடு எடுத்துக்கொண்டு போ, என் கண்ணில் படக் கூடாது. வண்டி பழையபடி சைக்கிளுக்குப் பின்னாலேயே ஏறட்டும், எனக்கு அந்த வேகம் வேண்டவே வேண்டாம். அப்புறம் உன் மச்சானிடம் மன்னிப்புக் கேள். உசுரு இல்லை என்று சொன்னதற்குத் தனியாகக் கேள். காலில் விழச் சொன்னால் விழு, அவர் உன்னைவிடப் பெரியவர்தானே, ஒன்றும் தேய்ந்துவிடமாட்டாய். அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் திரும்பிப் போகாதே. பேசும் வரைக்கும் இரு, நான் சோறு போடுகிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல புத்தியோடு, உன்னைப் போல் இல்லாமல் வளர வேண்டும். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருந்து, நான் திட்டுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உள்ள கோபம் தீராத,
உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: மாப்ளே, நான்தான். உன் அக்கா கவரை ஒட்டாமல் மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். படித்துவிட்டேன். அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. போனை வைத்த அன்றைக்கு இருந்தது, சாப்பிட்டதும் போய்விட்டது. ரிங் தேய்ந்திருப்பது எனக்கும் தெரியும். இறக்கித்தான் ஆகவேண்டும், நீ வந்தால் சேர்ந்தே இறக்கலாம். மெக்கானிக் சொன்னதாக அவள் சொன்ன யோசனை உன்னுடையதுதான் என்று அப்போதே தெரியும். அந்த மெக்கானிக்குக்குக் கம்பி நார் என்றால் என்னவென்றே தெரியாது. ஊதியைக் கழற்ற வேண்டாம். வேகம் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாளே, முதல் தடவை மேடு ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த சைக்கிள்காரனுக்குக் கை காட்டிச் சிரித்தவள் அவள்தான். அப்படி அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிறது.

நான் வண்டியைக் கிளப்பாததற்கும், உன் பேச்சை எடுத்தால் எழுந்து போவதற்கும் காரணம் வேறு. பம்பர் மேல் ஏறி பலகையை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றாளே, அப்போது அவள் முந்தானை காற்றில் பறந்து, ஊதியின் பெல்ட்டுக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் போய்விட்டு வந்தது. அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் கையில் சாவி இருந்தது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாவியைப் போட்டால் எனக்கு அதுதான் கண்ணில் தெரிகிறது. கோபம் இல்லை மாப்ளே, பயம்.

இதை அவளிடம் சொல்லிவிடாதே. சொன்னால் வண்டியில் வரமாட்டேன் என்று சொல்வாள் என்பதற்காக அல்ல. சொன்னாலும் வருவாள். மறுபடியும் அப்படி ஆனால் மறுபடியும் பலகையோடு முன்னால் ஓடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்துவிடு. வரும்போது பெல்ட்டை முழுக்க மூடுகிற மாதிரி கனமான தகட்டில் ஒரு மூடி அடித்துக் கொண்டு வா. அதை நீ மாட்டு, நான் கிளப்புகிறேன்.